கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றால் போதுமா?

இணைய இணைப்புள்ள வீடுகளில், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ கூடத்துச் சுவரிலோ, ஒரு சிறு பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கக் காணலாம். சிலர் இதனை மோடம் என்கிறார்கள். சிலர் வைஃபை பெட்டி என்கிறார்கள். தமிழில் திசைவி என்ற நல்ல சொல் உண்டு. எனினும் கடைக்காரரும், கம்பி இழுக்க வருபவரும், என் மாணவர்களும் ரூட்டர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும், எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு உரியது என்று பிரித்து அனுப்புவதும் இதன் வேலை. அளவில் சிறியதானாலும் இது ஒரு முழுக் கணினியே. இதற்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, நிரல்கள் உண்டு. கணினி என்பதாலேயே இதனைப் பிறர் கைப்பற்றவும் முடியும்.

இதன் பாதுகாப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: "கடவுச்சொல்லை மாற்றுங்கள்." இந்த ஒரு வரியைத்தான் இங்கே ஆராய எடுத்துக்கொண்டேன். அது பொய்யான அறிவுரை அன்று. ஆனால் அரைகுறையானது. மேலும், ஒருவர் செய்த பிழைக்கு வேறொருவரைப் பொறுப்பாக்குவது.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி வாரத்தில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் அகலப்பட்டை வாடிக்கையாளர்கள் பலருடைய மோடங்கள் திடீரென்று செயலற்றுப் போயின. ஒரு தீநிரல் அவற்றுக்குள் புகுந்து அமைப்புகளைக் குலைத்திருந்தது. கர்நாடகத்தில் பாதிப்பு மிகுதி. பாதிக்கப்பட்ட மோடங்கள் ஏறத்தாழ 2,000 என்று நிறுவனத்தின் தலைவர் கூறினார். 60,000க்கு மேல் என்று செய்தி ஏடுகள் எழுதின. எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தாலும் காரணத்தில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அந்த மோடங்களின் பயனர்பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. அதை மாற்றாமல் விட்டவர்களின் மோடங்களே பாதிக்கப்பட்டன. உடனே மாற்றிவிட்டால் கவலை வேண்டியதில்லை. இதுவே நிறுவனம் அன்று தந்த விளக்கத்தின் சாரம்.

இந்த விளக்கத்தைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். "மாற்றாமல் விட்டவர்கள்" என்னும்போது தவறு வாடிக்கையாளருடையது ஆகிவிடுகிறது. திண்டுக்கல்லில் பூட்டுச் செய்பவர் ஒருவர் ஆயிரம் பூட்டுகளுக்கும் ஒரே சாவியைப் போட்டு விற்று, ஊரில் திருட்டு நடந்தபின், "சாவியை மாற்றிக்கொள்ளாதவர்கள் வீட்டில்தான் திருட்டு நடந்தது" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? அந்த மோடத்துக்குள் ஒரு கடவுச்சொல் இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தெரியாத பூட்டை எப்படி மாற்றுவது?

இதில் ஒரு விந்தையும் உண்டு. 'பிரிக்கர்பாட்' என்னும் தீநிரலைக் கொண்டு இத்தாக்குதலைச் செய்தது நானே என்று 'ஜேனிட்டர்' என்னும் புனைபெயர் கொண்ட ஒருவர் உரிமை கொண்டாடினார். பிரிக் என்றால் செங்கல். ஒரு கருவியைச் செங்கல்லைப் போல உயிரற்றதாக்கிவிடுவது இந்நிரலின் வேலை. பாதுகாப்பற்ற கருவிகளைத் தீயவர்கள் பயன்படுத்துமுன் தாமே அழித்துவிடுவதாக அவர் வாதாடினார். பூட்டாத வீட்டைக் கள்ளன் புகுவதற்குமுன் கொளுத்திவிடுகிறேன் என்பதைப் போன்றது இது. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும், அவர் திறந்தது வாசற்கதவே தவிர சுவரில் துளையிடவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இனி அந்த அறிவுரைக்கு வருவோம். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். சரி, எந்தக் கடவுச்சொல்லை?

நான் அனுப்பம்பட்டில் குடியிருக்கிறேன். சென்னை - கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட சிற்றூர் இது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கணினி வழியே பாடம் நடத்த வேண்டி வந்ததால் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினேன். பெட்டியைப் பொருத்த வந்த இளைஞர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, "உங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சுட்டேன் சார், மறக்கவே மறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இயற்பியல் படித்துப் பட்டம் பெற்ற எனக்கே, அவர் மாற்றியது ஒன்றை மட்டும்தான், மற்றொன்று தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கிறது என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

ரூட்டரில் குறைந்தது இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. முதலாவது வைஃபை கடவுச்சொல். விருந்தினர் வந்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கும் சொல் இதுதான். வீட்டின் வானொலி அலைக்குள் நுழைய இது வேண்டும். இரண்டாவது நிர்வாகக் கடவுச்சொல். கணினியின் உலாவியில் 192.168.1.1 என்றோ, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட வேறு எண்ணையோ தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் நுழைய இது வேண்டும். வைஃபை கடவுச்சொல் வாசற்கதவின் சாவி என்றால், இது வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியின் சாவி. முதற்சாவியையே மாற்றும் அதிகாரம் இரண்டாம் சாவிக்கு உண்டு. 2017இல் பிழையாகிப் போனது இந்த இரண்டாவதுதான். ஆனால் "பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று கேட்டவர்களில் எத்தனை பேர் முதலாவதை மாற்றிவிட்டு ஓய்ந்திருப்பார்கள்! அறிவுரை இரண்டையும் பிரித்துச் சொல்லாததே இதற்குக் காரணம்.

இரண்டு பூட்டுகள் இருப்பதற்கேற்ப ஆபத்தும் வெவ்வேறு திசைகளிலிருந்து வருகிறது. முதலில் தெருப்பக்கத்தைப் பார்ப்போம்.

வைஃபை அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்சு என்றால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று மாணவர்கள் உடனே கணக்கிட்டுவிடுவார்கள். இந்த அலையைச் செங்கற்சுவர் மங்கச் செய்யும், நிறுத்தாது. பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்து வரும் என் மாணவர் ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஆறேழு வீடுகளின் வைஃபை பெயர்கள் கைபேசியில் தெரிவதாகச் சொன்னார். அவற்றுள் பெரும்பாலானவை நிறுவனம் வைத்த பெயரும் எண்ணுமாக அப்படியே இருந்தனவாம்.

தெருவில் நிற்பவர் நம் அலைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? 2008ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதையொட்டி ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடத்தைப் பிடித்துக்கொண்டு காவல்துறையினர் சென்று சேர்ந்த இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபை இணைப்பை வேறு எவரோ பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது பிறகு தெரிய வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை மாட்டுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பும், செப்டம்பரில் செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டன. இதன் பின்னர், 2009 பிப்ரவரியில், பாதுகாப்பற்ற வைஃபை இணைப்புகளைப் பூட்டும்படி தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. வெளியுலகுக்குத் தெரிவது நம் வீட்டு இணைப்பின் எண் மட்டுமே. அதற்குள் இருந்து பேசியவர் யார் என்பது தெரியாது. குற்றமற்றவர் விசாரணைக்கு ஆளாவது இப்படித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வைஃபையில் நுழைந்துவிட்டால் வங்கிப் பணம் முழுதும் போய்விடும் என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். இது மிகை. வங்கிச் செயலிகள் தம் செய்திகளைத் தனியே மறைகுறியாக்கித்தான் அனுப்புகின்றன. வைஃபையில் ஒட்டுக்கேட்பவருக்கு அவை புரியா. ஆபத்தைப் பெரிதாக்கிச் சொல்வதும் ஒருவகையில் தவறான அறிவுரையே. அச்சப்பட்டவன் இரண்டு நாள் கதவைப் பூட்டுவான். மூன்றாம் நாள் மறந்துவிடுவான்.

சரி, தொலைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால் என்ன குறை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைபேசி ரூட்டருடன் இணையும்போது கடவுச்சொல்லை அப்படியே வெளியிடுவதில்லை. இருவரும் தற்செயல் எண்களைப் பரிமாறிக்கொண்டு, கடவுச்சொல்லின் உதவியால் கணித்த ஒரு முத்திரையை அனுப்புகிறார்கள். இந்தப் பரிமாற்றத்தை அலையெல்லைக்குள் நிற்கும் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு தம் வீட்டுக்குச் சென்று, ஒவ்வொரு சொல்லாக ஊகித்து, அதே முத்திரை வருகிறதா என்று பார்க்கலாம். இன்று பரவலாக உள்ள டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்குகள் செய்ய வேண்டும். வேண்டுமென்றே இப்படிக் கடினமாக்கியிருக்கிறார்கள். இருந்தும், விளையாட்டுக்காக விற்கப்படும் விலையுயர்ந்த வரைகலைச் செயலி ஒன்று விநாடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும்.

நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று. ஆகவே மொத்த எண்கள் 400 கோடி. விநாடிக்குப் பத்து இலட்சம் என்றால் 4,000 விநாடிகள். அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் வேலை முடிந்துவிடும். தவிர, அந்த எண் வீட்டுக்காரருடைய கடைப் பலகையிலேயே எழுதியிருந்தால் கணக்கே வேண்டியதில்லை. எட்டு இலக்கப் பிறந்த தேதி இன்னும் மோசம்: எட்டு இலக்க எண்கள் அனைத்தையுமே நூறு விநாடிகளில் பார்த்துவிடலாம்.

எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைத் தற்செயலாக அடுக்கினால் ஏறத்தாழ 20,900 கோடி வாய்ப்புகள். இரண்டரை நாள் தாங்கும். எழுத்தைக் கூட்டினால் காலம் மளமளவென்று ஏறும். ஆனால் பொருளற்ற எழுத்துகளை நினைவில் வைப்பது கடினம். நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி வேறு. தமிழ் அகராதி ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் பிரித்து, விரல் பட்ட சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதுங்கள். இரண்டாயிரம் சொற்களுள் ஒன்றாக ஒவ்வொரு சொல்லும் அமைகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நான்கு சொற்களுக்கு 16 இலட்சம் கோடி வாய்ப்புகள். மேற்சொன்ன வேகத்தில் ஆறு மாதம். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஆயிரம் ஆண்டுகள்! நூறு செயலிகளை வைத்து முயன்றாலும் பத்தாண்டுகள். ஒரே ஒரு சொல் செய்யும் வேலை இது. ஆனால் சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனிதர் தேர்ந்தெடுத்தால் அம்மாவும் முருகனும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

நிறுவனம் வைத்த வைஃபை பெயரை மாற்றச் சொல்வார்கள். இது வெறும் அழகுக்கு அன்று. முத்திரைக் கணக்கில் கடவுச்சொல்லோடு வைஃபை பெயரும் சேர்கிறது. பெயர் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருந்தால், அப்பெயருக்குரிய விடைகளை முன்கூட்டியே கணித்துப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி காணப்படும் ஆயிரம் பெயர்களுக்கு இவ்வாறு பட்டியல்கள் தயாரித்தும் இருக்கிறார்கள். தனிப்பெயர் வைத்தால் அப்பட்டியல் பயனற்றதாகிவிடும். பெயரில் உங்கள் வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ வைக்க வேண்டாம். புதிய பெட்டிகளில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற முறை இருந்தால் அதனைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்கும் உத்தி அதில் செல்லாது.

ஆனால் வைஃபை பெயரை மறைத்துவைக்கச் சொல்லும் அறிவுரை இருக்கிறதே, அது வீண். பெயரை ரூட்டர் அறிவிக்காவிட்டால், உங்கள் கைபேசி அதனைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டே போகும். வீட்டில் மறைத்த பெயரைப் பொன்னேரி ரயில் நிலையத்தில் கூவுவதற்கு ஏற்பாடு செய்ததுதான் மிச்சம். குறிப்பிட்ட கருவிகளின் அடையாள எண்களை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியும் அப்படியே. அந்த எண்கள் மறைக்கப்படாமல் அலையில் செல்வதால் எவரும் பார்த்துப் பூண்டுகொள்ளலாம். இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்புபவரைவிட ஒன்றும் செய்யாதவர் மேல். அவருக்குத் தம் நிலைமையாவது தெரியும்.

கடவுச்சொல் வலுவாக இருந்தும் பயனில்லாமல் செய்துவிடும் ஒரு பொத்தானும் பெட்டியில் உண்டு. அதன் மேல் டபிள்யூ.பி.எஸ். என்று எழுதியிருக்கும். கடவுச்சொல்லைத் தட்டாமல், பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண் ஒன்றைக் கொண்டோ இணைய உதவும் வசதிக்காக வைத்தது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்ப்பதற்கானது. எனவே ஒரு கோடிதான். அதுவும் போகட்டும். 2011ஆம் ஆண்டு இறுதியில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். ரூட்டர் இந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சோதிக்கிறது. முதற்பாதி தவறென்றால் உடனே சொல்லிவிடுகிறது. ஆகவே முதல் நான்கு இலக்கங்களுக்கு 10,000 முயற்சிகள். அடுத்த மூன்றுக்கு 1,000. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்றாகிவிட்டது. ஒரு கோடி 11,000 ஆகச் சுருங்கிவிட்டது! நிகழ்தகவுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பின்னர் வந்த பெட்டிகளில் சில தடைகள் சேர்த்திருக்கிறார்கள். இருந்தாலும் இந்த வசதியை நிறுத்திவைப்பதே நல்லது.

இனி உலகத்தின் பக்கத்துக்கு வருவோம். தெருவில் நிற்பவர் நம் ஊருக்கு வந்தாக வேண்டும். இணையத்தின் வழியே வருபவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. 2016இல் அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள் 'மிராய்' என்ற தீநிரலை எழுதினார்கள். கணினி விளையாட்டு வழங்கிகளுக்கு இடையிலான போட்டியில் தொடங்கிய வேலை அது. அந்நிரல் இணையத்திலுள்ள கருவிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். அறுபதுக்குச் சற்றே மேற்பட்ட பயனர்பெயர் - கடவுச்சொல் இணைகளை முயன்று பார்க்கும். அவ்வளவே. அனைத்தும் தொழிற்சாலைகள் வைத்தனுப்பிய சொற்கள். இந்தச் சிறு பட்டியலைக் கொண்டு இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் அது வசப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, அந்நிரலால் திரட்டப்பட்ட கருவிப் படை டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமல் போயின. மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தாக்கிய கருவிகளின் சொந்தக்காரர்களுக்குத் தம் பெட்டி இந்த வேலை செய்தது தெரியவே தெரியாது.

சரி, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் உலகம் நுழையாதா? பெரும்பாலும் நுழையாது; எப்போதும் அல்ல. இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெட்டியைத் தம் அலுவலகத்திலிருந்தே சரிசெய்வதற்கென்று 7547 என்ற எண்ணுள்ள ஒரு தனி வாயில் வைத்துக்கொள்வதுண்டு. நிறுவனத்துக்கு மட்டும் திறக்க வேண்டிய வாயில் இது. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரின் ரூட்டர்கள் முடங்கியபோது, மிராயின் வழித்தோன்றல் ஒன்று இந்த வாயிலைத்தான் தட்டியது. அங்கே வாடிக்கையாளரின் கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. எட்டு மாதம் கழித்து நம் நாட்டில் நடந்த தாக்குதலிலும் இதே எண்ணுள்ள வாயில் வெளியாருக்குத் திறந்திருந்ததாகப் பாதுகாப்புச் செய்தி ஏடுகள் எழுதின. அந்த வாயிலை அடைக்கும் அதிகாரம் வலையமைப்பை நடத்துபவருக்கே உண்டு. ஜெர்மனியின் பாடம் கண்முன் இருந்தும், இங்கே வீட்டுக்காரரை நோக்கிக் "கடவுச்சொல்லை மாற்றுங்கள், கவலையில்லை" என்று சொன்னது முழு உண்மை ஆகாது.

மூன்றாவது திசை ஒன்று உண்டு, உள்ளிருந்து வருவது. 2007இல் இண்டியானா பல்கலைக்கழகத்தையும் சைமன்டெக் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனை விளக்கினார்கள். நீங்கள் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதிலுள்ள சிறு நிரல், உங்கள் உலாவியையே தூதனாக்கி, 192.168.1.1 என்ற முகவரிக்குச் சென்று 'அட்மின், அட்மின்' என்று சொல்லிப் பார்க்கிறது. வெளி வாயில்கள் எல்லாம் அடைத்திருந்தாலும் உள்ளிருந்து போகும் தூதனை ரூட்டர் தடுப்பதில்லை. உள்ளே போனதும் அது பெயர்ப் பட்டியல் வழங்கியை மாற்றிவிடலாம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் கணினி அது. தொலைபேசிக் கையேட்டைப் போன்றது. கையேட்டையே மாற்றிவைத்துவிட்டால், சரியான பெயரைத் தட்டியும் தவறான வீட்டுக்குப் போவோம். பிரேசிலில் 2011ஆம் ஆண்டு வாக்கில், வேறொரு குறையின் வழியாக, 45 இலட்சம் மோடங்களில் இந்தக் கையேடு மாற்றப்பட்டது. மக்கள் போலி வங்கிப் பக்கங்களுக்கு இட்டுச் செல்லப்பட்டார்கள். அவர்களுடைய கணினிகளில் ஒரு குறையும் இல்லை. கணினியைச் சோதித்துச் சோதித்துப் பார்த்தவர்கள் பெட்டியைச் சோதிக்கவில்லை.

ஆகவே அறிவுரையை முழுமையாகச் சொல்வதானால் இப்படிச் சொல்ல வேண்டும்: நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள் (நம் எதிரி பீரோவுக்கு வரப்போவதில்லை). பிறகு வைஃபையின் பெயரையும் சொல்லையும் மாற்றுங்கள். இரண்டு கடவுச்சொற்களும் ஒன்றாக இருக்க வேண்டாம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி என்று ஒன்று திறந்திருந்தால் மூடுங்கள். பெட்டியின் உள்நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி மாணவர் ஒருவர் இருபது நிமிடங்களில் முடிக்கக்கூடிய வேலை. சில பெட்டிகளில் நிர்வாகப் பக்கத்தின் பெரும்பகுதியை நிறுவனமே பூட்டி வைத்திருக்கும். அவ்விடத்து வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இத்தனையும் செய்தபிறகு என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் மழையும் வெள்ளமுமாக இருந்து, மின்சாரம் திரும்பியபின்னும் இணையம் வரவில்லை. புகார் செய்ததும் ஓர் ஊழியர் வந்தார். பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்துப் பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் பத்து விநாடி அழுத்தினார். விளக்குகள் அணைந்து எரிந்தன, இணைப்பு வந்தது, நன்றி சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஐயம் தோன்றி நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். அட்மின், அட்மின். நான் மாற்றியதெல்லாம் போய், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பியிருந்தது. வைஃபைக்கு மீண்டும் என் கைபேசி எண். அவர்மேல் குறையில்லை, அன்று அவர் பார்க்க வேண்டிய வீடுகள் எத்தனையோ.

மற்றெல்லா வாதங்களையும்விட இந்த ஊக்குத்துளை எனக்குத் தெளிவாக உணர்த்தியது இதுதான்: தொழிற்சாலை அமைப்பு என்பது முதல் நாள் மட்டும் இருந்துவிட்டுப் போவது அன்று. ஒவ்வொரு பழுதின்போதும் பெட்டி திரும்பிச் செல்லும் இடம் அது. இயற்பியலில் சமநிலைப் புள்ளி என்கிறோமே, அது போன்றது. குண்டைக் கையால் தூக்கி மேட்டில் வைத்தால் அடுத்த அதிர்ச்சியில் பள்ளத்துக்கே உருளும். பள்ளத்தின் இடத்தை மாற்றுவது, அதாவது திரும்பிச் செல்லும் இடத்தையே பாதுகாப்பானதாகச் செய்வது, பெட்டியைச் செய்பவர் கையில்தான் உள்ளது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை அச்சிட்டு அடியில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ஏற்கெனவே ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரிசை எண்ணை அச்சிட்டு ஒட்டத்தானே செய்கிறார்கள்? பக்கத்தில் இன்னொரு வரி அச்சிட என்ன செலவாகும்?

இது நடவாத காரியமும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வெளியிலிருந்து இணையத்தக்க கருவிகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது முதன்முறை பயன்படுத்தும்போதே மாற்றும்படி கருவியே கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பதற்குச் சட்டப்படி தடை உண்டு. ஒரு கோடி பவுண்டு வரையும், பெரிய நிறுவனமானால் அதற்கு மேலும் தண்டம் விதிக்கலாம். நம் நாட்டிலும் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நடைமுறை நெறி, பொதுக் கடவுச்சொல் கூடாது என்பதை முதல் விதியாகவே கூறுகிறது. நல்ல விதி. ஆனால் அது நெறியாக வந்ததே அன்றிச் சட்டமாக வரவில்லை. பெங்களூரிலுள்ள தேசியத் தொலைத்தொடர்புப் பாதுகாப்பு மையம் வைஃபை பெட்டிகளுக்கான சோதனை விதிகளையும் வகுத்திருக்கிறது. இவை புதிதாக வரும் பெட்டிகளைத் திருத்தக்கூடும். வீடுகளில் ஏற்கெனவே சிமிட்டிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிகளை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்பதற்குத்தான் விடை வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததே இணைய நிறுவனம் என்பதால், என் விடை வெளிப்படை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பி அடிச்சீட்டைப் பாருங்கள். அதில் அட்மின் என்று இருக்கிறதா, அல்லது பொருளற்ற எழுத்துகளாகத் தனிச்சொல் இருக்கிறதா? நண்பர் வீட்டில் அதே வகைப் பெட்டி இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே சொல்லா, வெவ்வேறா என்பதை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி இவ்விதழின் முகவரிக்கு அனுப்புங்கள். சொல்லை எழுத வேண்டாம். அஞ்சலட்டையை எல்லாரும் படிப்பார்கள்.